நான்கு விரல் போன பிரஸ் ஆபரேட்டருக்கு இனி என்ன வேலை?

சிங்காநல்லூரான் | 4 மார்ச் 2024, இரவு 9:40

என் அண்ணனுக்கு 38 வயது. ஐடிஐ முடித்த கையோடு பவர் பிரஸ்ஸில் (உலோகத் தகட்டை அழுத்தி வெட்டுகிற மெஷின்) சேர்ந்தவர், அதே லைனில்தான் இன்றுவரை. போன நவம்பரில் இரவு ஷிப்டில் கை மாட்டி, வலது கையில் கட்டை விரலைத் தவிர மற்ற நான்கும் போய்விட்டன. ஆபரேஷன் எல்லாம் முடிந்து காயம் ஆறிவிட்டது. இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) இருக்கிறது. சம்பளம் 18,000.

கம்பெனியில் கேட்டால் "உடம்பு தேறட்டும், பார்க்கலாம்" என்கிறார்கள். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். பெரியப்பா பெட்டிக்கடை வைக்கச் சொல்கிறார். மாமா ஏடிஎம் வாட்ச்மேன் வேலை பார்த்து வைத்திருக்கிறார். ஒரு தொண்டு நிறுவனத்தில் மெழுகுவத்தி, காகிதப் பை செய்யும் பயிற்சி இலவசம் என்றார்கள். அண்ணன் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து வீட்டில் யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை.

அண்ணி தைக்கிறார், மகள் ஏழாவது படிக்கிறாள். எங்கிருந்து தொடங்குவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தொழிற்சங்கத் தோழர் | 4 மார்ச் 2024, இரவு 11:05

தம்பி, வேலை பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். முதலில் காசைப் பார்த்துவிடுவோம், அதில்தான் நம் ஆட்கள் கோட்டை விடுவார்கள்.

விபத்து அறிக்கையைக் கம்பெனி இஎஸ்ஐக்கு அனுப்பியதா, அதில் வேலை நேரத்தில் நடந்த விபத்து என்று எழுதியிருக்கிறதா? இதை நாளைக்கே கிளை அலுவலகத்தில் கேளுங்கள். அப்படி எழுதியிருந்தால், சிகிச்சை நாட்களுக்குச் சராசரி தினக்கூலியில் 90% வந்திருக்க வேண்டும். டாக்டர் "வேலைக்குத் தகுதி" என்று எழுதியதும் அது நிற்கும். நம்மவர்களில் பாதிப் பேர் அங்கேயே கதை முடிந்தது என்று வீட்டுக்கு வந்துவிடுவார்கள். முடியவில்லை. அதற்கு அப்புறம்தான் மருத்துவ வாரியத்துக்குப் போக வேண்டும். சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போயிற்று என்று அவர்கள் முடிவு செய்வார்கள், அந்தச் சதவீதத்துக்கு ஆயுள் முழுக்க மாதாமாதம் பணம் வரும்.

சட்டத்தின் அட்டவணையில் ஒரு கையின் நான்கு விரலும் போனால் 50% என்று இருக்கிறது. மூன்று விரல் 30, இரண்டு விரல் 20. உங்கள் அண்ணன் சம்பளத்துக்குத் தினக்கூலி சுமார் 600 என்று வையுங்கள். அதில் 90% 540, அதில் பாதி 270. மாதம் எட்டாயிரத்தை ஒட்டி வரும்.

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்கிறேன். அவர் மறுபடி வேலைக்குப் போனாலும் இந்தப் பணம் நிற்காது. "வேலைக்குப் போனால் பென்ஷன் போய்விடும்" என்று யாராவது பயமுறுத்தினால் காதில் வாங்காதீர்கள்.

இடக்கை | 5 மார்ச் 2024, காலை 6:20

ஓசூர் பக்கம் நான். எனக்கு வலது கையில் மூன்று விரல் இல்லை, பிரஸ்தான். இரண்டு கையாலும் அழுத்த வேண்டிய இரட்டைப் பட்டனில் ஒன்றைக் கம்பி போட்டுக் கட்டிவிட்டு ஒரு கையால் ஓட்டச் சொன்னார்கள். அப்படி ஓட்டினால் ஷிப்டுக்கு எத்தனை பீஸ் கூடுதல் என்று பிரஸ் ஷாப்பில் நின்றவர்களுக்குத் தெரியும். அப்புறம் அறிக்கையில் "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று எழுதுவார்கள். சரி, அது பழைய கதை.

அண்ணன் ஏன் பேசாமல் இருக்கிறார் என்று எனக்குப் புரிகிறது. பஞ்ச் (வெட்டுகிற மேல் பாகம்) விழும் சத்தத்தை வைத்தே டை (அச்சு) மழுங்கிவிட்டது என்று சொல்கிற ஆள். ஓரத்தில் ஏறியிருக்கும் பிசிறை நகத்தால் தடவிப் பார்த்தே கிளியரன்ஸ் (பஞ்ச்சுக்கும் டைக்கும் நடுவே உள்ள இடைவெளி) போயிருக்கிறதா இல்லையா என்று சொல்வார். அவரைக் கொண்டுபோய் மெழுகு உருக்கச் சொன்னால்? விரலோடு சேர்த்து மூளையையும் பிரஸ் எடுத்துக்கொண்டது என்று சொல்கிற மாதிரிதானே அது.

நான் இப்போது அதே மாதிரி ஒரு கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறேன். இடது கையால் வெர்னியர் (நுண்ணளவு பார்க்கும் கருவி) பிடிப்பதுதான் முதலில் பெரிய தொல்லை. வெர்னியரின் கட்டைவிரல் சக்கரம் வலக்கைக்காரனுக்கென்றே செய்தது. இடது கையில் பிடித்தால் எண்கள் தலைகீழாக நிற்கும். மேஜையில் ஒரு சின்ன வைஸ் (இறுக்கிப் பிடிக்கும் கருவி) பொருத்தி, பீஸை அதில் கடித்துவிட்டு, டிஜிட்டல் வெர்னியரை இடது கையால் ஓட்டுகிறேன். ஓட்டை அளவு சரியா இல்லையா என்று உள்ளே விட்டுப் பார்க்க கோ-நோகோ கேஜ், அதற்கு ஒரு கை போதும். உயரம் அளக்கும் ஹைட் கேஜ், சமதளமான சர்ஃபேஸ் பிளேட்டில் தானே நிற்கும். இந்த ஏற்பாட்டுக்குக் கம்பெனிக்கு ஆன செலவு ஒரு வைஸும் ஒரு டிஜிட்டல் வெர்னியரும்.

கையைப் பற்றி ஒன்று. வெட்டுப்பட்ட முனை எதில் பட்டாலும் ஷாக் அடிக்கிற மாதிரி இருக்கிறதா? பிசியோவில் சொல்லித் தருவார்கள். முதலில் பஞ்சு, அப்புறம் துண்டு, அப்புறம் அரிசிக்குள் கையை விட்டு அளைவது. அதை விடாமல் செய்யச் சொல்லுங்கள். கட்டை விரல் இருக்கிறது அல்லவா, அது பெரிய சொத்து. மீதியிருக்கும் உள்ளங்கையோடு சேர்த்துப் பேப்பர், பேனா, சின்ன பீஸ் எல்லாம் பிடிக்க வரும்.

பீளமேடு ஜாப்ஒர்க் | 5 மார்ச் 2024, மதியம் 1:15

எல்லாரும் முதலாளியை வில்லனாக்குவதற்கு முன்னால் ஒரு வார்த்தை. நான் ஒன்பது பேரை வைத்துப் பட்டறை நடத்துகிறேன். ஜாப் ஒர்க்தான் (மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குச் செய்து கொடுப்பது), பெரிய கம்பெனிக்காரன் பில்லைத் தொண்ணூறு நாள் இழுத்தடிப்பான். என்னிடம் குவாலிட்டி என்று தனி ஆளே கிடையாது, நானும் என் மச்சானும்தான் பார்க்கிறோம். ஒன்பது பேரில் ஒருவருக்கு "உட்கார்ந்து செய்கிற வேலை" என்று ஒதுக்கினால் மீதி எட்டுப் பேர் என்ன சொல்வார்கள்? மறுபடி அதே ஆளுக்கு ஏதாவது ஆனால்? இன்ஸ்பெக்டர் வந்தால் யார் பதில் சொல்வது?

எனக்கு மனசில்லாமல் இல்லை. மனசை வைத்து வாரச் சம்பளம் போட முடியாது.

இடக்கை | 5 மார்ச் 2024, மாலை 5:50

அண்ணா, இன்ஸ்பெக்டருக்குப் பயந்தால் பிரஸ்ஸுக்குக் கார்டு (கை உள்ளே போகாமல் தடுக்கும் தடுப்பு) போடுங்கள். ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு போட வேண்டும் என்று 1948 ஃபேக்டரி சட்டத்திலேயே சொல்லிவிட்டார்கள். கையில்லாதவனை வேலைக்கு வைப்பதால் எந்த இன்ஸ்பெக்டரும் வரமாட்டார்.

எட்டுப் பேர் என்ன சொல்வார்களா? நாளைக்கு நமக்கு இப்படி ஆனால் இந்த முதலாளி கைவிடமாட்டார் என்று சொல்வார்கள். எங்கள் ஷாப்பில் அதைத்தான் சொன்னார்கள்.

ஒன்பது பேர் யூனிட்டில் தனியாகக் குவாலிட்டி ஆள் போட முடியாது என்பதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். அது உண்மை.

தொழிற்சங்கத் தோழர் | 5 மார்ச் 2024, இரவு 8:30

பீளமேட்டுக்காரருக்கு ஒரு தகவல். மாற்றுத்திறனாளி ஒருவரை வேலைக்கு எடுத்தால், அவர் சம்பளம் மாதம் 25,000க்குள் இருந்தால், முதலாளி கட்ட வேண்டிய இஎஸ்ஐ பங்கை மத்திய அரசே கட்டும், 10 வருடம் வரை. மற்றவர்களுக்கு இஎஸ்ஐ வரம்பு 21,000, இவர்களுக்கு 25,000. பெரிய தொகை இல்லைதான். சம்பளத்தில் 3.25% மிச்சம், அவ்வளவுதான். ஆனால் பல முதலாளிகளுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

தம்பிக்கு ஒரு கசப்பான விஷயம். அரசு வேலையில் இருப்பவருக்குப் பணிக்காலத்தில் ஊனம் ஏற்பட்டால் அவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும், அப்படி வேலை இல்லையென்றால் கூடுதலாக ஒரு பணியிடம் உண்டாக்கியாவது வைத்துக்கொள்ள வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 20. ஆனால் அந்த உட்பிரிவு அரசு நிறுவனங்களுக்கு மட்டும். தனியாருக்கு அப்படி நேரடிக் கட்டாயம் இல்லை. இஎஸ்ஐ சட்டத்தில் தற்காலிக ஊனப் பணம் வாங்கும் காலத்தில் நீக்கக் கூடாது என்று இருக்கிறது, அதோடு சரி. நாட்டில் பிரஸ்ஸில் விரல் போகிறவர்களில் அரசு ஊழியர் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நீங்களே யோசியுங்கள்.

அதனால் "பார்க்கலாம்" என்ற பதிலை நம்பிக் காத்திருக்க வேண்டாம். வேறு வேலை தரும்படி எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

பழைய பயிற்றுநர் | 6 மார்ச் 2024, காலை 10:10

தொழில் மறுவாழ்வுத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். சென்னை கிண்டியில் மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் ஒரு மையம் இருக்கிறது. விஆர்சி (தொழில் மறுவாழ்வு மையம்) என்றால் பழைய ஆட்களுக்குத் தெரியும், இப்போது பெயர் தேசிய வாழ்க்கைத்தொழில் சேவை மையம் என்று மாறிவிட்டது. இந்த மாதிரி மையங்கள் 1968-லிருந்து நாட்டில் இருக்கின்றன. ஐடிஐ படித்த பையனின் குடும்பத்துக்கே இது தெரியாமல் இருப்பது எங்கள் துறையின் லட்சணம்.

அங்கே நடப்பது முதலில் மதிப்பீடு. ஆளை ஒரு மேஜையில் உட்கார வைத்து வேலையைக் கொடுத்துப் பார்ப்போம். முதல் அரை மணி நேரத்தில் எல்லாரும் நன்றாகத்தான் செய்வார்கள். இரண்டாவது மணி நேரத்தில் தவறு கூடுகிறதா, தோள் வலிக்கிறதா, நல்ல கை சோர்கிறதா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கை போனவர்களுக்கு மூன்று நான்கு வருடத்தில் நல்ல கையிலும் வலி வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் அண்ணனை உட்கார வைத்து அவருடைய பழைய வேலைநாளை எழுதச் சொல்லுங்கள். ஷீட் ஏற்றுவது, டை செட்டிங், முதல் பீஸ் அப்ரூவல், ஓட்டம், இடையில் அளவு பார்ப்பது, ரிஜெக்‌ஷன் பிரிப்பது, எண்ணிக்கை, ரிப்போர்ட். இதில் இரண்டு முழுக் கை கட்டாயம் வேண்டியது எது? ஷீட் ஏற்றுவதும் ஓட்டமும். டை செட்டிங்கில் போல்ட் முடுக்க உதவிக்கு ஒரு ஆள் வேண்டும், ஆனால் எப்படி செட் செய்வது என்பது இவர் தலையில்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் அவரால் முடியும். இதைக் கையில் வைத்துக்கொண்டு கம்பெனியில் பேசுவது வேறு, "ஏதாவது வேலை போட்டுக் கொடுங்கள்" என்று நிற்பது வேறு.

வேலூர் சிஎம்சி டாக்டர் மேரி வர்கீஸைத் தெரியுமா? 1954-ல் வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு போனது. அவர் அறுவை சிகிச்சையை விடவில்லை. தொழுநோயாளிகளின் மடங்கிய கைகளைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சைக்கு மாறினார், ஏனென்றால் அதை உட்கார்ந்து செய்யலாம். சக்கர நாற்காலியில் இருந்தபடியே செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்துவந்து 1966-ல் வேலூரில் அதற்கென்று தனி மையமே தொடங்கினார். தெரிந்த தொழிலுக்குள்ளேயே அவருக்கு உட்கார இடம் தேடினார்கள், கிடைத்தது. அங்கேயும் யாராவது பெட்டிக்கடை வைக்கச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

அதே வேலூர்ப் பக்கம் காட்பாடியில் வொர்த் டிரஸ்ட் இருக்கிறது. 1963-ல் தொழுநோயிலிருந்து குணமானவர்களுக்காகத் தொடங்கிய பட்டறை. எஞ்சினியரிங் பாகங்கள் செய்கிறார்கள், பார்வையற்றோர் உலகெங்கும் பயன்படுத்தும் பெர்கின்ஸ் பிரெய்ல் எழுதுபொறியை அங்கே ஒருங்கிணைக்கிறார்கள். விரல் மடங்கிய கைகள் மைக்ரான் கணக்கில் வேலை செய்யாது என்று நினைப்பவர்கள் ஒரு முறை போய்ப் பார்க்கலாம்.

சேவைக்கிளை | 6 மார்ச் 2024, இரவு 9:25

நான் பார்வையற்றவன், பொதுத்துறை வங்கியில் கிளார்க். 2014-ல் சேர்ந்தேன். சட்டத்தில் இடஒதுக்கீடு அப்போது 3%, 2016 சட்டத்துக்குப் பிறகு 4%. தேர்வில் எழுத்தர் வைத்துக்கொள்ளலாம், மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு. எல்லாம் ஒழுங்காக நடந்து உள்ளே போனேன். முதல் நாள் மேலாளர் அன்பாகச் சொன்னார்: "சார், நீங்க சும்மா உட்காருங்க, சம்பளம் வந்துரும்." வேலை கொடுத்தது சட்டம், வேலையைக் கொடுக்காதது கிளை.

சும்மா உட்காருவது எவ்வளவு கஷ்டம் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. டீ வருகிறது, குடிக்கிறோம். மறுபடி டீ வருகிறது. மற்றவர்கள் கவுன்டரில் மல்லுக்கட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவச மென்பொருள், 2006-ல் பார்வையற்ற இரண்டு ஆஸ்திரேலியர்கள் தொடங்கியது. அதை அலுவலகக் கணினியில் போட அனுமதி வாங்கவே மாதக்கணக்கில் ஆனது. "செக்யூரிட்டி பாலிசி" என்பார்கள். யாரைக் கேட்டாலும் இன்னொருவரைக் கைகாட்டுவார்கள்.

கடைசியில் வேறு கிளைக்கு மாறியபோது வந்த மேலாளர் பெண்மணி, வராக்கடன் வாடிக்கையாளர்களை போனில் பின்தொடரும் வேலையைக் கொடுத்தார். குரலை வைத்தே யார் கட்டுவார், யார் இழுப்பார் என்று எனக்குத் தெரியும். இப்போது புகார் மின்னஞ்சல்களும் நான்தான் பார்க்கிறேன்.

இதைச் சொல்வது எதற்கென்றால், உங்கள் அண்ணனைக் கம்பெனி திரும்ப எடுத்துக்கொண்டாலும் அவரை ஒரு மூலையில் உட்கார வைத்துவிடலாம். முதல் வாரத்திலேயே "என் பெயரில் என்ன வேலை" என்று கேட்டு எழுதி வாங்கச் சொல்லுங்கள்.

மதுரை அம்மா | 7 மார்ச் 2024, மதியம் 3:00

எல்லாரும் மெழுகுவத்தியைக் கேலி செய்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

என் மகனுக்கு 24 வயது, அறிவுசார் குறைபாடு. அவன் போகும் பட்டறையில் பாக்குமட்டைத் தட்டு, ஃபைல் செய்கிறார்கள். கொடுப்பது ஊக்கத்தொகைதான், சம்பளம் என்று சொல்ல முடியாது. ஆனால் காலையில் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு "வேலைக்குப் போறேன்" என்று கிளம்புகிறான். அது இல்லையென்றால் நாள் முழுக்க டிவி முன்னால்தான்.

முன்பு ஒரு பல்பொருள் அங்காடியில் அடுக்கும் வேலை கிடைத்தது. பயிற்சி மையத்திலிருந்து ஒரு தங்கை கூடவே வந்தாள். முதலில் அவளும் அவனோடு நின்று அடுக்கினாள். பழைய தேதி பாக்கெட்டை முன்னால், புதுத் தேதியைப் பின்னால் வைக்க வேண்டும். அவனுக்குத் தேதி படிக்க வராது. அவள் புதுச் சரக்குப் பெட்டியில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டி, பச்சை எப்போதும் பின்னால் என்று பழக்கினாள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக விலகி நின்றாள், பிறகு வாரம் ஒரு நாள் மட்டும் வந்தாள். நன்றாகப் போனது. மேலாளர் மாறினார், புது மேலாளர் ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது என்றார். அதோடு போயிற்று. ஒரு பச்சை ஸ்டிக்கர்!

2016 சட்டம் அரசு வேலையில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கும் ஆட்டிசம், மனநோய் உள்ளவர்களுக்கும் சேர்த்து 1% ஒதுக்கியிருக்கிறது, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களும் அதிலேயே. காகிதத்தில் நன்றாக இருக்கிறது. தேர்வு அதே தேர்வாக இருக்கும்போது என் மகன் எப்படி உள்ளே போவான்? கூட நின்று பழக்கித் தர அந்தத் தங்கை மாதிரி ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க யாரும் இல்லை என்பதுதான் எங்கள் பிரச்சினை. எங்கள் தெருவிலேயே இரண்டு வீடுகளில், மாதம் 2,000 உதவித்தொகை நின்றுவிடுமோ என்ற பயத்தில் பிள்ளைகளை எங்கும் அனுப்புவதில்லை.

பிரஸ் ஓட்டியவரை மெழுகு உருக்கச் சொல்வது தப்புதான். அந்தப் பட்டறைகளையே மூடச் சொல்லாதீர்கள், எங்களுக்கு இருப்பது அது ஒன்றுதான்.

பழைய பயிற்றுநர் | 7 மார்ச் 2024, மாலை 6:40

அம்மா சொல்வது சரி. நான் மறுப்பது ஒன்றைத்தான்: ஆள் யாரென்று பார்க்காமல் கையில் இருக்கும் பயிற்சியை எடுத்து நீட்டுவது. எங்கள் மையங்களிலும் அது நடந்திருக்கிறது. தையல் பிரிவில் இடம் காலியாக இருந்தால் வருகிறவர் தையலுக்குப் பொருத்தமானவராகிவிடுவார்! ஆண்டறிக்கையில் "பயிற்சி பெற்றோர்" எண்ணிக்கை ஏறும். அவர்கள் வேலையில் நிலைத்தார்களா என்று இரண்டு வருடம் கழித்துப் போய்க் கேட்கிற வழக்கம் கிடையாது.

மகனுக்கு வங்கிக் கணக்கில் சிக்கல் வந்தால், 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் சட்டப்படியான காப்பாளர் நியமனம் இருக்கிறது, கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுதான் தரும். சென்னை வந்தால் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்காக இருக்கும் தேசிய நிறுவனத்தையும் ஒரு முறை பாருங்கள்.

சிங்காநல்லூரான் | 9 மார்ச் 2024, இரவு 10:15

எல்லாருக்கும் நன்றி. அண்ணனிடம் இந்தப் பதில்களைப் படித்துக் காட்டினேன். வெர்னியர் பகுதியை மறுபடி படிக்கச் சொன்னார். "வைஸ் ஜா-வுக்கு (பீஸைக் கடிக்கிற வாய்க்கு) அலுமினியம் போடணும், இல்லன்னா பீஸ்ல கோடு விழும்" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

இஎஸ்ஐ கிளை அலுவலகம் போனோம். விபத்து அறிக்கை ஒழுங்காகத்தான் இருக்கிறது, மருத்துவ வாரியத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். அங்கே 50% என்று வந்தால் அதையே காட்டி மாற்றுத்திறனாளி அட்டை வாங்கிவிடலாமா?

தொழிற்சங்கத் தோழர் | 9 மார்ச் 2024, இரவு 11:30

முடியாது. இரண்டும் வேறு கணக்கு. இஎஸ்ஐ வாரியம் பார்ப்பது சம்பாதிக்கும் திறன் இழப்பு. அடையாள அட்டைக்கான சதவீதத்தை அரசு மருத்துவமனையில், மத்திய அரசின் வழிகாட்டுதல்படி தனியாகக் கணக்கிடுவார்கள். இங்கே 50 என்றால் அங்கேயும் 50 என்று இல்லை. இடஒதுக்கீட்டுக்கும் பெரும்பாலான சலுகைகளுக்கும் அங்கே 40% வேண்டும். யுடிஐடிக்கு (அந்த அடையாள அட்டைதான்) இணையத்தில் விண்ணப்பியுங்கள், சிக்கல் வந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் போங்கள்.

கிளை அலுவலகத்தில் தொழில் மறுவாழ்வுப் படி பற்றியும் கேளுங்கள். பயிற்சிக் காலத்தில் நாளுக்கு 123 ரூபாய் அல்லது பயிற்சிக் கட்டணம், எது அதிகமோ அது. 45 வயதுக்குள் இருக்க வேண்டும், ஊனம் 40%க்குக் குறையக் கூடாது. அண்ணனுக்கு வயது பொருந்துகிறது.

பெரியப்பா கடைப் பேச்சை விடவில்லையென்றால், பிஎம்இஜிபி என்ற மத்திய அரசின் சுயதொழில் கடனில் மாற்றுத்திறனாளிக்கு நகரத்தில் 25%, கிராமத்தில் 35% மானியம், கையிலிருந்து 5% போட்டால் போதும் என்று சொல்லி வையுங்கள். வேண்டுமென்றால் பிற்பாடு பார்க்கலாம்.

பீளமேடு ஜாப்ஒர்க் | 10 மார்ச் 2024, காலை 8:05

வைஸுக்கு அலுமினியம் ஜா என்று சொன்னார் பாருங்கள், ஆள் தெரிகிறது.

என்னிடம் இப்போது இடம் இல்லை, பொய் நம்பிக்கை தர மாட்டேன். ஆனால் கோயம்புத்தூரில் பிரஸ் பார்ட்ஸ் வாங்குகிற கம்பெனிகளுக்கு இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் போட ஆள் பஞ்சம் உண்மையிலேயே இருக்கிறது. டிராயிங் படிக்க வேண்டும், ஜிடி அண்ட் டி குறிகள் (வடிவமும் அளவும் எவ்வளவு பிசகலாம் என்று காட்டுபவை) தெரிய வேண்டும், எக்செல்லில் ரிப்போர்ட் அடிக்க வேண்டும். டிப்ளமோ முடித்த பையன்களுக்கு எக்செல் வரும், ஆனால் பீஸைப் பார்த்து டையில் எங்கே கோளாறு என்று சொல்ல வராது. இவருக்கு அதுதான் தெரியும், எக்செல் கற்றுக்கொள்ளட்டும். இடது கையில் டைப் அடிக்க இப்போதே பழகட்டும்.

சம்பளம் முதலில் பழைய 18,000 கிடைக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இடக்கை | 10 மார்ச் 2024, மதியம் 12:40

ஏன் கிடைக்காது? அதே ரிப்போர்ட்டை டிப்ளமோ பையன் போட்டால் எவ்வளவு கொடுப்பீர்களோ அதுதான் இவருக்கும். இஎஸ்ஐ பணம் தனியாக வருகிறதே என்று சம்பளத்தில் கழிக்கிற முதலாளிகள் இருக்கிறார்கள், எனக்கே நடந்தது. அது அவர் விரலுக்கு வந்த பணம், கம்பெனிக்கு மிச்சம் பிடிக்க வந்தது இல்லை. தம்பி, இன்டர்வியூவில் அந்தப் பணத்தைப் பற்றி வாயே திறக்க வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லுங்கள்.

தொழிற்சங்கத் தோழர் | 10 மார்ச் 2024, மாலை 4:20

இடக்கை சொன்னதை வழிமொழிகிறேன். வாரியத்துக்குப் போகும்போது ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, பிசியோ சீட்டு எல்லாம் அசலோடு எடுத்துப் போங்கள், நகல் ஒரு செட் வீட்டில் இருக்கட்டும். சதவீதம் குறைத்துப் போட்டால் மேல்முறையீட்டுக்கு 3 மாதம்தான். முடிவுக் கடிதம் கைக்கு வந்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள்.